வீடு முழுக்கக் கீரிப்பூச்சி: பள்ளியில் மாத்திரை கொடுத்தும் ஏன் திரும்ப வருது?

கொடுமுடி_அம்மா | ஜூலை 22

கூட்டுக் குடும்பம், எட்டுப் பேர். பையனுக்கு 7 வயசு, பொண்ணுக்கு 4. கொழுந்தனார் பையனுக்கு 14 மாசம், ஓரகத்திக்கு இப்ப ரெண்டாவது மாசம். மீதி நாங்க ரெண்டு பேர், கொழுந்தனார், மாமியார்.

படுத்துக் கொஞ்ச நேரத்துலயே ரெண்டு பிள்ளைகளும் ஆசனவாயைச் சொறிய ஆரம்பிச்சுடறாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா பொண்ணுக்கு வெள்ளை நூல் மாதிரி நெளியுது. பிப்ரவரியில பள்ளிக்கூடத்துல பையனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாங்க. நின்னுச்சு, அப்புறம் திரும்ப வந்துடுச்சு. மலப் பரிசோதனை ரிப்போர்ட்ல "புழு இல்லை, முட்டை இல்லை"ன்னு இருக்கு.

ஆகஸ்ட் 10 பள்ளியில மறுபடி கொடுப்பாங்க, அது வரைக்கும் பொறுக்கலாமா? யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்? எல்லாரும் ஹால்ல பாய் போட்டு வரிசையாத்தான் படுக்கறோம், வாஷிங் மெஷின்ல சுடுதண்ணி வசதி இல்லை. துணியை எப்படிச் சுத்தம் பண்றது? மாமியார் "இனிப்பைக் குறை, வேப்பெண்ணெய் கொடு"ன்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் "எனக்கு அரிப்பே இல்லை, நான் எதுக்கு மாத்திரை போடணும்"ங்கறார்.

---

மருந்துக்கடை_ஈரோடு | ஜூலை 22

நெளியறதைக் கண்ணால பார்த்துட்டீங்க, இனி ரிப்போர்ட்டே வேண்டாம். கீரிப்பூச்சிதான்.

பள்ளிக்கூட மாத்திரை ஏன் பத்தலைங்கறதை முதல்ல சொல்லிடறேன், மீதி எல்லாம் அதுல இருந்துதான் வருது. 2015-ல தொடங்கி இப்ப நாடு முழுக்க நடக்கிற குடற்புழு நீக்க நாள், மண் வழியா வர்ற புழுக்களுக்காக வெச்சது: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. அதுங்க முட்டை மண்ணுல கிடந்து பக்குவப்பட்டாத்தான் தொத்தும், ஒரே நாள்ல ஆள் விட்டு ஆள் ஒட்டாது. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு அல்பெண்டசோல் (பள்ளியில கொடுக்கற பூச்சி மாத்திரை) அங்கே வேலை செய்யுது. கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை. பெண் புழு ராத்திரி வெளியே வந்து ஆசனவாய் மடிப்புல பத்தாயிரம் முட்டை போல ஒட்டிட்டுச் செத்துடும். நாலு முதல் ஆறு மணி நேரத்துல அந்த முட்டை தொத்தத் தயாராயிடும். பத்து மணிக்கு இட்டது, விடிஞ்சு பிள்ளை எந்திரிக்கும்போது நகக்கண்ணுல, ஜட்டியில, போர்வையில எல்லாம் பக்குவமா உட்கார்ந்திருக்கும்.

மாத்திரை குடல்ல இருக்கிற வளர்ந்த புழுவைக் கொல்லும். முட்டையை ஒன்னும் பண்ணாது, இளம் புழுவிலும் சிலது தப்பிச்சுடும். அதனாலதான் 14 நாள் கழிச்சு ரெண்டாவது தவணை. அந்த 14 நாளுக்குக் கணக்கு இருக்கு. விழுங்கின முட்டை குடல்ல பொரிஞ்சு, வளர்ந்து, தானே முட்டை இட ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். ரெண்டு வாரத்துல கொடுத்தா, முதல் தவணையில தப்பினது வளர்ந்திருக்கும், ஆனா இன்னும் முட்டை இட்டிருக்காது. மூணாம் நாளே கொடுத்தா வீண். ரெண்டு மாசம் கழிச்சுக் கொடுத்தா அடுத்த தலைமுறை நகக்கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கும். உங்க பையனுக்கு ஒரே தவணை, வீட்ல மத்த ஏழு பேருக்கு ஒன்னுமே இல்லை. திரும்பாம இருந்திருந்தாத்தான் அதிசயம்.

ஆகஸ்ட் வரைக்கும் பொறுக்க வேண்டாம். ஜூலை 27 ராத்திரி வீட்ல முதல் தவணை போடுங்க. பதினாலு நாள் கூட்டினா ஆகஸ்ட் 10. பள்ளியில கொடுக்கறதே பையனுக்கு ரெண்டாவது தவணை, அங்கன்வாடியில கொடுத்தா பொண்ணுக்கும் அதேதான். பெரியவங்க அன்னிக்கு ராத்திரி வீட்ல போட்டுக்குங்க. அன்னிக்கு வீட்லயும் ஒன்னு கொடுத்து இரட்டை ஆக்கிடாதீங்க. சில வருஷம் தேதி மாறும், பள்ளியில கேட்டுக்குங்க. மாறினா அவங்களை எதிர்பார்க்காம 10-ஆம் தேதி வீட்லயே கொடுத்துட்டு, "போட்டாச்சு"ன்னு டீச்சர்கிட்ட எழுதிக் கொடுத்துடுங்க.

அளவு: ரெண்டு வயசுக்கு மேல யாரா இருந்தாலும் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்னு. 4 வயசுப் பொண்ணுக்கும் 400, உங்க வீட்டுக்காரருக்கும் 400. எடையை வெச்சுக் கூட்டிக் குறைக்கற மருந்து இல்லை இது. அவருக்கு அரிப்பு இல்லைங்கறது ஒரு காரணமே இல்லை, பெரியவங்க பல பேருக்குப் புழு இருந்தும் அரிப்பே தெரியாது. எட்டுப் பேர்ல ஒருத்தர் விட்டுப்போனாலும் அவர்கிட்ட இருந்து மறுபடி சுத்தும்.

14 மாசக் குழந்தைக்கு 200 மி.கி., அதாவது 5 மி.லி.-க்கு 200 மி.கி. இருக்கற திரவ மருந்துல 5 மி.லி. அரசுத் திட்டத்துலயும் ஒன்னு முதல் ரெண்டு வயசுக்கு அரை மாத்திரைதான். ஆனாலும் ரெண்டு வயசுக்குள்ள இருக்கறதால குழந்தை மருத்துவர்கிட்டக் காட்டிட்டுக் கொடுங்க. பாட்டிலை நல்லாக் குலுக்குங்க, மருந்து அடியில தங்கிடும். குலுக்காம ஊத்தினா குழந்தைக்குப் போறது பெரும்பாலும் சக்கரைத் தண்ணிதான்.

மாத்திரையை மென்னு முழுங்கணும். பொண்ணுக்கு ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வெச்சுப் பொடியாக்கித் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. மூக்கைப் பிடிச்சு, படுக்க வெச்சு ஊத்தறது வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சாப்பிட்ட பிறகு போடலாம். பட்டினியோ, முன்னாடி பின்னாடி விளக்கெண்ணெய்ப் பேதியோ தேவையில்லை.

ஓரகத்திக்கு மாத்திரை கிடையாது. முதல் மூணு மாசத்துல அல்பெண்டசோல், மெபெண்டசோல் ரெண்டும் தவிர்க்கணும். அவங்களுக்குச் சுத்தம் மட்டும்தான், ஆறு வாரம் விடாம. வீட்ல வேற யாருக்காவது நாள் தள்ளிப்போயிருந்தா சோதிச்சுட்டுப் போடுங்க. வலிப்பு வந்தவங்க, கல்லீரல் நோய் இருக்கறவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும் மருத்துவரைக் கேட்காம வேண்டாம். மூளையில நாடாப்புழுக் கட்டி இருக்கறவங்களுக்கு இந்த மருந்தாலேயே வலிப்பு கிளம்பலாம்.

கடையில வாங்கும்போது அட்டையில அல்பெண்டசோல் மட்டும்தான் இருக்கான்னு பாருங்க. ஐவர்மெக்டின் சேர்ந்த கூட்டு மருந்து "பிளஸ்" மாதிரி ஒரு வாலோட வரும். கீரிப்பூச்சிக்கு அது தேவையில்லை, 15 கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்கு ஐவர்மெக்டின் வழக்கமாக் கொடுக்கறதும் இல்லை. 4 வயசுப் பொண்ணு அந்த எல்லையில நிக்கற ஆள்.

---

சந்தேகத்திலகம் | ஜூலை 22

பைரன்டெல் சிரப் கொடுக்கலாமா? எங்க பக்கம் அதுதான் எழுதித் தர்றாங்க.

---

மருந்துக்கடை_ஈரோடு | ஜூலை 22

கொடுக்கலாம். அது எடைக் கணக்கு: கிலோவுக்கு 11 மி.கி., மொத்தம் 1 கிராமைத் தாண்டக் கூடாது. 16 கிலோ பிள்ளைக்கு 176 மி.கி., மி.லி.-க்கு 50 மி.கி. இருக்கற சிரப்னா மூணரை மி.லி. அதுக்கும் 14 நாள்ல ரெண்டாவது தவணை உண்டு. பைப்பரசின்னு ஒரு பழைய மருந்து இருக்கு. அதையும் இதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஒன்னு புழுவை விறைக்க வைக்கும், இன்னொன்னு தளர வைக்கும், ரெண்டும் ஒன்னையொன்னு முறிச்சுடும்.

---

ஓய்வு_செவிலி | ஜூலை 23

கண்ணு, மருந்தை அவர் சொல்லிட்டார். மாத்திரை போட்ட மறுநாள் காலையில என்ன செய்யறதுன்னு நான் எழுதறேன். பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

எந்திரிச்ச உடனே போர்வையை உதறாதீங்க. நம்ம வீடுகள்ல காலையில முதல் வேலையே வாசல்ல நின்னு படார் படார்னு போர்வை உதறறதுதான். முட்டை கண்ணுக்குத் தெரியாத தூசி. உதறினாப் பறந்து சாப்பாட்டுத் தட்டுல, மூக்குல, வாயில விழும். விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் உள்பக்கமா மடிச்சுச் சுருட்டி நேரா அண்டாவுக்குக் கொண்டு போங்க. ராத்திரி போட்டிருந்த ஜட்டி, நைட்டி, துண்டு, பொண்ணு கட்டிப்பிடிச்சுத் தூங்கற துணி பொம்மை, எல்லாம் அதோடதான்.

மெஷின்ல சுடுதண்ணி வராட்டி என்ன, அடுப்பு இருக்கே. துணி முங்கற அளவுக்குக் கை வைக்க முடியாத சூட்டுல தண்ணி ஊத்தி, தட்டு போட்டு மூடி, ஆறற வரைக்கும் ஊற விடுங்க. வெதுவெதுப்பான தண்ணி பத்தாது, 60 டிகிரிக்கு மேல இருக்கணும். அப்புறம் வழக்கம்போலச் சோப்பு போட்டுத் துவைச்சு மொட்டை மாடி வெயில்ல காயப் போடுங்க. கீரிப்பூச்சி முட்டைக்கு வெயிலும் வறட்சியும் ஆகாது, ஈரமும் குளிர்ச்சியும்தான் பிடிக்கும். நிழலான ஈரப்பதமான இடத்துல ரெண்டு மூணு வாரம் கூடத் தாங்கும். மழைக்காலத்துல இதே பிரச்சினை வந்தா, துணி காய்ஞ்ச பிறகு இஸ்திரி போட்டுடுங்க.

கோரைப்பாயைத் தூக்கி எறிய வேண்டாம். ஈரத் துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு, பக்கத்துக்கு அரை நாள் வெயில்ல போட்டாப் போதும். மெத்தை, சோபாவுக்கும் ஈரத் துடைப்புதான்.

அடுத்தது தரை. காய்ஞ்ச தரையில துடைப்பத்தைப் போட்டா போர்வை உதறின மாதிரிதான் ஆகும். முதல்ல ஈர மாப், அப்புறம் வேணும்னா பெருக்கலாம். பினாயில், டெட்டால் எவ்வளவு ஊத்தினாலும் முட்டை அதுக்கு அசையாது. வாசனை வருதுங்கறதுக்காக முட்டை செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. முட்டையைத் துடைச்சு எடுக்கணும், மாப் துணியைச் சுடுதண்ணியில அலசணும். கதவுத் தாழ்ப்பாள், குளியலறை மக்கு கைப்பிடி, குழாய்த் திருகு, டி.வி. ரிமோட், போன், இதையெல்லாம் ஒருதரம் ஈரத் துணியால துடைச்சு விடுங்க.

இந்தப் பெரிய துவைப்பு ரெண்டு நாள்தான்: ஜூலை 28 காலை, ஆகஸ்ட் 11 காலை. நடுவுல தினமும் வீட்டையே கவிழ்த்துக் கழுவ வேண்டாம், மூணு நாள்ல அலுத்துப்போய் எல்லாத்தையும் விட்டுடுவீங்க. தினமும் விடாமப் பண்ண வேண்டியது வேற.

எந்திரிச்ச உடனே, டீ, பிஸ்கட் எதையும் தொடறதுக்கு முன்னாடி, ஒவ்வொருத்தரும் இடுப்புக்குக் கீழே சோப்பு போட்டுக் கழுவணும், முழுக் குளியல்னா இன்னும் நல்லது. சாயங்காலம் குளிக்கற பழக்கம் இருந்தா இந்த ரெண்டு வாரமும் காலைக்கு மாத்துங்க. ராத்திரி இட்ட முட்டை காலையில கழுவினாத்தான் போகும். தொட்டியிலயோ பேசின்லயோ உட்கார வெச்சுக் குளிப்பாட்டாதீங்க, மேல இருந்து ஊத்துங்க. ராத்திரி பிள்ளைகளுக்கு இறுக்கமான பருத்தி ஜட்டி, காலையில அதை மாத்தணும். 14 மாசக் குழந்தை விரல் சப்பறதுன்னா தூங்கும்போது கையில மெல்லிய சாக்ஸ் மாட்டி விடுங்க.

எல்லாருக்கும் நகத்தை ஒட்ட வெட்டுங்க, பெரியவங்களுக்கும்தான். கை கழுவறதுன்னா சோப்பு நுரையோட 20 விநாடி, நகத்தை உள்ளங்கையில சுரண்டற மாதிரித் தேய்க்கணும். பழைய டூத் பிரஷ் ஒன்னை நகத்துக்குன்னே குழாய்கிட்ட வெச்சுடுங்க. சானிட்டைசர் இந்த முட்டையைக் கொல்லாது.

கை கழுவறதுன்னா பிள்ளைங்க கையை மட்டும் பார்க்கறோம். பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பெரியவங்க கை? கழுவிட்டு, சும்மா தண்ணியில அலசிட்டு, அப்படியே வந்து மாவு பிசையறது, உருண்டை பிடிச்சு ஊட்டறது. ஒரே கிண்ணத்துச் சோறு மூணு வாய்க்குப் போகுது. கழுவி விடறவங்க ஒவ்வொரு தரமும் சோப்பு போடணும். இந்த ரெண்டு வாரம் ஊட்டறதுக்கு ஸ்பூன் எடுத்துக்கலாம். கர்ப்பமா இருக்கற பொண்ணுக்கு மருந்து இல்லைங்கறதால, மத்த பிள்ளைகளைக் கழுவி விடற வேலையை அவங்களுக்குக் கொடுக்காதீங்க.

ராத்திரி பிள்ளை அரிப்புல எழுந்தா தட்டித் தூங்க வைக்காதீங்க. எழுப்பிக் கழுவி, தெரியற புழுவை ஈரப் பஞ்சால எடுத்து, ஜட்டி மாத்தி, ஆசனவாயைச் சுத்தி வாஸ்லின் மெல்லிசாத் தடவுங்க. அரிப்பு அடங்கும், சொறிஞ்ச தோல் புண்ணாகாது. தேங்காய் எண்ணெயும் ஆகும். ஆனா அதுல கற்பூரத்தைக் கரைக்கற வேலை மட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளைக்குக் கற்பூரம் உள்ளே போனா வலிப்பு வரும்.

பள்ளிக்கு லீவு போடத் தேவையில்லை. நாய், பூனை மேல பழி போடவும் வேண்டாம், இது மனுஷங்களுக்குள்ள மட்டும் சுத்தற புழு.

---

நுண்ணோக்கி | ஜூலை 23

மலப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்ததில் ஆய்வகத்தின் தவறு எதுவும் இல்லை. இந்தப் புழு குடலுக்குள் முட்டையிடுவதில்லை, வெளியே தோலில்தான் இடுகிறது. ஆகவே மலத்தில் முட்டை அபூர்வமாகத்தான் அகப்படும். இதற்கென்று இருப்பது டேப் பரிசோதனை.

செய்முறை: கண்ணாடி போன்ற செல்லோ டேப் வேண்டும். பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் டேப் உதவாது, நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவாது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குழந்தை எழுந்ததும், மலம் கழிக்கும் முன், கழுவும் முன், பிட்டத்தை விரித்து ஒட்டும் பக்கத்தை ஆசனவாயின் இருபுறத்து மடிப்புகளிலும் அழுத்தி எடுங்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டும் பக்கம் கீழே இருக்குமாறு, குமிழ் விழாமல் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். தகட்டை ஆய்வகத்தில் முந்தைய நாளே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எல்லாச் சிறிய ஆய்வகங்களும் இதைப் பார்ப்பதில்லை, கேட்டுவிட்டுச் செல்லுங்கள். எடுத்தவர் உடனே சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு நாள் எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அகப்படும். அடுத்தடுத்து மூன்று நாள் காலை எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குப் பிடிபடும். முதல் நாள் இரவு வாஸ்லின் தடவியிருந்தால் டேப் ஒட்டாது. பரிசோதனைக்கு முந்தைய இரவு அதை நிறுத்துங்கள்.

கண்ணால் பார்த்து உறுதி செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெண் புழு 8 முதல் 13 மி.மீ. நீளம், தையல் நூல் அளவு, வால் ஊசிபோல் கூர்மையாக இருக்கும், அசையும். ஆண் புழு 2 முதல் 5 மி.மீ. மட்டுமே, வெளியே தெரிவது அரிது. குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. மலத்தில் கறுப்பாக, அசையாத நூல் கிடந்தால் அது பெரும்பாலும் வாழைப்பழ நார். மண்புழு அளவில் நீளமாக வந்தால் உருண்டைப்புழு. தட்டையாக, வெள்ளைப் பூசணி விதை போன்ற துண்டுகள் ஜட்டியில் கிடந்தால் நாடாப்புழு. அதற்கு மருந்தே வேறு, ஒரு அல்பெண்டசோலோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் அந்தத் துண்டையே எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று. குழந்தை வெளிறிப்போயிருந்தாலோ, மண், சுண்ணாம்பு, அரிசி தின்றாலோ அதைக் கீரிப்பூச்சியின் கணக்கில் எழுதாதீர்கள். இது இரத்தத்தை உறிஞ்சும் புழு அல்ல. ஹீமோகுளோபின் பாருங்கள்.

---

கொடுமுடி_அம்மா | ஜூலை 24

எல்லாருக்கும் நன்றிங்க. ஜூலை 27 போடறதா முடிவு பண்ணிட்டோம், வீட்டுக்காரரும் சரின்னுட்டார். மாமியார் மட்டும் வேப்பெண்ணெய் அரை ஸ்பூன் கொடுத்தா மாத்திரையே வேண்டாம்ங்கறாங்க. பொண்ணு தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறா, பையன் கன்னத்துல வெள்ளைத் திட்டு இருக்கு. அதெல்லாம் பூச்சிக்குத்தான் அடையாளம்ங்கறாங்க.

---

சித்தமருந்து | ஜூலை 24

வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது, அரை ஸ்பூன் என்ன, கால் ஸ்பூனும் வேண்டாம். மலேசியாவில் வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட சிறு குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், மேல்மூச்சு, வலிப்பு என்று வந்ததை 1981-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரலும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்படும் நிலை அது. சித்த மருத்துவம் படித்தவர் யாரும் கைக்குழந்தைக்கு எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்ல மாட்டார்.

வேப்பங்கொழுந்து உருண்டை, பாகற்காய், பூண்டு, பப்பாளி விதை ஆகியவை பெரியவர்கள் உணவோடு அளவாகச் சாப்பிடுபவை. அவற்றை நம்பிக் கீரிப்பூச்சியை விரட்ட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்விளங்கம் எங்கள் நூல்களில் புழுக்கொல்லி. ஆனால் அதை நாட்டுமருந்துக் கடையில் வாங்கி வீட்டில் இடித்துக் குழந்தைக்குக் கொடுப்பது வேறு, அரசு சித்த மருத்துவர் வயதும் எடையும் பார்த்துக் கொடுப்பது வேறு. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், அவருக்கு அதுவும் வேண்டாம்.

மாமியாரிடம் முழுக்க மறுத்துப் பேச வேண்டாம். நகம் வெட்டுவது, பாயை வெயிலில் போடுவது, காலைக் குளியல் மூன்றையும் அவர் பொறுப்பில் விடுங்கள், நன்றாகவே செய்வார்.

---

மருந்துக்கடை_ஈரோடு | ஜூலை 24

மேலே சொன்னதை அப்படியே வழிமொழியறேன். சேர்த்துச் சொல்றதுன்னா, இனிப்பு தின்னா பூச்சி வராது. பூச்சி முட்டை வாய்க்குள்ள போனாத்தான் வரும். சர்க்கரையைக் குறைச்சா பல்லுக்கு நல்லது, குடல்ல இருக்கற புழு அதனால சாகாது. பல் நறநறக்கறது பூச்சி இல்லாத பிள்ளைகள்ட்டயும் நிறைய உண்டு. கன்னத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியோட வர்றது, பூச்சி மாத்திரை போட்டு அது மறையாது. இதை அடையாளமா வெச்சு ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் மாத்திரை வாங்கறவங்க நிறையப் பேர்.

---

கொடுமுடி_அம்மா | ஜூலை 31

27 ராத்திரி ஏழு பேரும் போட்டோம், குட்டிப் பையனுக்கு மருத்துவரைக் கேட்டு 5 மி.லி. கொடுத்தோம். 28 காலையில எல்லாம் துவைச்சாச்சு. நேத்து பையன் மலத்துல வெள்ளைப் புழு ரெண்டு மூணு வந்துச்சு. மருந்து வேலை செய்யலையா? இன்னொன்னு கொடுக்கலாமா? பொண்ணு ரெண்டு நாளா ஒன்னுக்குப் போகும்போது எரியுதுன்னு அழறா, முன்பக்கம் சிவந்து, ஜட்டியில லேசா வெள்ளைப்படுது. ராத்திரி படுக்கையிலயும் போயிடறா, முன்னாடி அந்தப் பழக்கம் நின்னிருந்துச்சு.

---

குழந்தைநலம் | ஜூலை 31

பையனுக்கு இப்ப எதுவும் கொடுக்க வேண்டாம். செத்த புழு, பாதி செத்த புழு சில நாள் வரைக்கும் வெளியே வரும். அரிப்பு முழுசா அடங்க ஒரு வாரம் ஆகலாம். அடுத்த மாத்திரை ஆகஸ்ட் 10-தான்.

பொண்ணு விஷயத்தைத் தள்ளிப்போடாதீங்க. பெண் குழந்தைகளுக்கு இந்தப் புழு ராத்திரி ஆசனவாயில இருந்து முன்பக்கம் ஊர்ந்து போகும். அரிப்பு, சிவப்பு, வெள்ளைப்படுதல், படுக்கை நனைத்தல் எல்லாம் அதனாலேயே வரலாம். ஆனா சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரிதான் தொடங்கும், பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. நாளைக்கே சிறுநீர்ப் பரிசோதனை பண்ணுங்க. சுத்தமான டப்பா, முன்பக்கம் வெறும் தண்ணியில கழுவிட்டு, முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்ற சிறுநீர். காய்ச்சலோ வாந்தியோ, முதுகு, அடிவயிறு வலியோ சேர்ந்தா பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காம மருத்துவமனைக்குப் போங்க. வீட்ல மீதி இருக்கற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுக்கற வேலை கூடாது, அது பரிசோதனையையே குழப்பிடும்.

இடையில: கழுவும்போது எப்பவும் முன்னாலிருந்து பின்னால. முன்பக்கம் சோப்பு, டெட்டால் தண்ணி, பவுடர் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணி போதும். வாஸ்லினும் ஆசனவாயைச் சுத்தி மட்டும்தான். துர்நாற்றத்தோட, ரத்தம் கலந்து வெள்ளைப்பட்டா நேர்ல காட்டணும், அதுக்கு வேற காரணங்களும் இருக்கு.

ஓரகத்திக்கு ஆறு வாரம்னு சொன்னதை மத்தவங்க ரெண்டு வாரத்துல முடிச்ச உடனே மறந்துடுவாங்க. ஜூலை 28-ல இருந்து எண்ணினா செப்டம்பர் 7 வரைக்கும் அவங்களோட காலைக் கழுவலும் கை கழுவலும் தொடரணும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துட்டிருந்தா அதை நிறுத்த வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10 அன்னிக்குப் பொண்ணுக்குச் சளி, காய்ச்சல்னு அங்கன்வாடியில கொடுக்காம அனுப்பினா, ஒரு வாரம் கழிச்சு விடுபட்டவங்களுக்கு அங்கேயே இன்னொரு நாள் உண்டு. உடம்பு அதுக்கு முன்னாடியே தேறிட்டா அந்த நாளுக்குக் காத்திருக்காம வீட்லயே கொடுத்துட்டு அங்க சொல்லிடுங்க. ரெண்டு மூணு நாள் தள்ளிப்போறதால ஒன்னும் கெடாது. ஒரு மாசத்துக்கு மேல தள்ளினா மொத்த வீடும் முதல் தவணையில இருந்து தொடங்கணும்.

ரெண்டு தவணையும் முடிஞ்ச பிறகு அரிப்பு இல்லைன்னா பரிசோதனை எதுவும் தேவையில்லை. செப்டம்பர்ல திரும்ப அரிப்பு வந்தா நேரா மாத்திரைக்குப் போகாம, மூணு நாள் காலையில டேப் எடுங்க. டேப்ல முட்டை இருந்தா, பிள்ளைகள் அடிக்கடி போய்ப் படுத்துத் தூங்கற இன்னொரு வீடு எதுன்னு பாருங்க, அவங்களும் சேர்ந்துதான் மருந்து எடுக்கணும். இல்லைன்னா அந்த அரிப்பு ஆசனவாய் வெடிப்போ, பூஞ்சையோ, சோப்பு ஒத்துக்காததோ.

---

கொடுமுடி_அம்மா | ஆகஸ்ட் 2

சிறுநீர்ல தொற்று இல்லைன்னு வந்துடுச்சு. வெறும் தண்ணியில கழுவறதுலயே எரிச்சல் குறைஞ்சிருக்கு. இன்னொரு வீடுன்னு சொன்னீங்களே, தினமும் மதியம் நாத்தனார் வீட்லதான் ரெண்டும் தூங்குதுங்க. அங்க அஞ்சு பேர். அவங்க 10-ஆம் தேதி முதல் தவணை போட்டா எங்க கணக்கோட ஒத்துப்போகுமா?

---

மருந்துக்கடை_ஈரோடு | ஆகஸ்ட் 2

10 வரைக்கும் விடாதீங்க. அவங்க இன்னிக்கு ராத்திரியே போடட்டும், ரெண்டாவது தவணை ஆகஸ்ட் 16. அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தா பள்ளியில 10-ஆம் தேதி வாங்க வேண்டாம், டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். உங்க பிள்ளைங்க 16 வரைக்கும் மதியத் தூக்கத்தை உங்க வீட்லயே போடட்டும். அங்க போய்த்தான் ஆகணும்னா சொந்தப் பாயும் தலையணையும் கொண்டு போகட்டும்.